தானியங்கி முறையும் வேலைவாய்ப்பும்: வங்கித் துறையின் அனுபவம்

எந்திரம் வந்தால் வேலை போகும் என்ற அச்சமும், எந்திரம் வராவிட்டால் நாடு பின்தங்கும் என்ற கவலையும் நம் நாட்டில் நீண்ட காலமாக அருகருகே நிலவி வருகின்றன. இவ்விரண்டில் எது சரி என்று பொதுவாக வாதிடுவதால் தெளிவு பிறப்பதில்லை. எத்தகைய எந்திரம், எந்த வேலையில், எந்த நிபந்தனைகளுடன் வந்தது, அதன் ஆதாயம் யாரைச் சென்றடைந்தது, அதன் சுமையை யார் ஏற்றனர் என்று கேட்பதே பயனளிக்கும். இதற்கு நம் நாட்டிலேயே தொடக்கம் முதல் இன்றுவரை பின்பற்றிக் காணத்தக்க ஓர் அனுபவம் உண்டு. வங்கித் துறையில் கணிப்பொறி புகுந்த வரலாறே அது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொற்களின் பொருள்

மனிதனின் உடல் வலிமைக்குப் பதிலாக எந்திர ஆற்றலைப் பயன்படுத்துவது எந்திரமயமாக்கல் எனப்படும். எந்திரத்தை இயக்குவது, கண்காணிப்பது, பிழை நேர்ந்தால் திருத்துவது ஆகியவற்றையும் எந்திரத்திடமே ஒப்படைப்பது தானியங்கி முறை. நெல் அரைக்கும் ஆலை முன்னதற்கு எடுத்துக்காட்டு. வெப்பநிலை உயர்ந்தவுடன் எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும் கொதிகலன் பின்னதற்கு எடுத்துக்காட்டு.

'ரோபோ' என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வாயிலாக உலகிற்கு அறிமுகமாயிற்று. அதன் வேர்ச்சொல்லுக்குச் செக் மொழியில் கட்டாய உழைப்பு என்பது பொருள். 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் 'யூனிமேட்' என்னும் எந்திரக் கை பணியில் அமர்த்தப்பட்டது. வார்ப்படத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை எடுத்து அடுக்குவது அதன் வேலை. கையும் காலும் உள்ள உருவம் இருந்தால்தான் ரோபோ என்று எண்ணுவது தவறு. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, உலோகத்தைத் தூக்கும் எந்திரக் கையும் பேரேட்டை எழுதும் கணிப்பொறியும் ஒரே வகையான வினாக்களையே எழுப்புகின்றன.

பொருளியல் அறிஞர்களின் கருத்து

எந்திரம் உற்பத்திச் செலவைக் குறைக்கிறது. விலை குறைவதால் தேவை பெருகுகிறது. தேவை பெருகுவதால் ஓரிடத்தில் இழந்த வேலை மற்றோரிடத்தில் தோன்றுகிறது. இது பாடநூல்களில் காணப்படும் ஈட்டு வாதம். டேவிட் ரிக்கார்டோவும் முதலில் ஏறக்குறைய இக்கருத்தையே கொண்டிருந்தார். ஆயினும் 1821இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பதிப்பில், எந்திரங்கள் பற்றிய ஒரு புதிய அதிகாரத்தைச் சேர்த்தார். எந்திரப் பயன்பாடு உழைக்கும் வகுப்பினரின் நலனுக்குத் தீங்காக அமையக்கூடும் என்று அதில் ஒப்புக்கொண்டார். ஜே. எம். கீன்ஸ் 1930இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தொழில்நுட்ப மாற்றத்தால் எழும் வேலையின்மையை ஒரு தனி நோயாகவே பெயரிட்டுக் காட்டினார். உழைப்பைச் சிக்கனப்படுத்தும் வழிகள் பெருகும் வேகம், உழைப்புக்குப் புதிய பயன்கள் காணப்படும் வேகத்தை விஞ்சும்போது இந்நோய் தோன்றும் என்பது அவர் விளக்கம். காந்தியடிகளும் எல்லா எந்திரங்களையும் ஒதுக்கியவர் அல்லர். 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில் தையல் எந்திரத்தை அவர் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்.

ஈட்டு வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், அது மூன்று இடைவெளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. இழந்த வேலைக்கும் புதிய வேலைக்கும் இடையே காலத்தால் ஓர் இடைவெளி உண்டு. இடத்தால் ஓர் இடைவெளி உண்டு. திறமையால் ஓர் இடைவெளி உண்டு. இம்மூன்றையும் தொழிலாளி தன் சொந்தச் செலவில் கடக்க வேண்டுமா, சமுதாயம் அதில் பங்கேற்க வேண்டுமா என்பதே கொள்கை வகுப்போர் முன்னுள்ள வினா.

எதிர்ப்பிலிருந்து உடன்பாட்டிற்கு

இவ்வினாவிற்கு விடுதலை பெற்ற பாரதம் தொடக்கத்திலேயே ஒரு விடை கண்டது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் தொழில் சீரமைப்புக்கான நெறிகளை ஏற்றனர். பணியிலிருப்போரை ஆட்குறைப்புச் செய்தலோ அவர்தம் வருவாயைக் குறைத்தலோ கூடாது. ஆதாயம் நியாயமாகப் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும். வேலைப்பளு முறையாக மதிப்பிடப்பட வேண்டும் என்பன அவற்றின் சாரம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், ஆட்குறைப்புக்கு இடமளிக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்தைச் செய்யுமுன் தொழிலாளர்க்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என விதித்தது.

எனினும் நடைமுறையில் மோதல்கள் எழவே செய்தன. 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலகத்தில் கணிப்பொறி நிறுவப்படுவதை ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தனர். இரவு பகலாகக் காவலிருந்து, எந்திரம் உள்ளே வராமல் தடுத்தனர். அவர்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது நியாயமன்று. படித்த இளைஞர்க்கு எழுத்தர் வேலையன்றி வேறு வழி அரிதாயிருந்த நகரம் அது. அவர்கள் காத்து நின்றது தங்கள் நாற்காலியை மட்டுமன்று, தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய நாற்காலியையும்தான். தானியங்கி முறை குறித்து ஆராய 1969இல் பேராசிரியர் வி. எம். தண்டேகர் தலைமையில் ஒரு குழுவை மத்திய அரசு அமைத்தது. அது 1972இல் அறிக்கை அளித்தது.

வங்கிகளில் நிலைமை வேறு விதமாகத் தீர்வு கண்டது. 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. 1980களின் நடுப்பகுதிக்குள் இவ்வெண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கிளைகளும் கணக்குகளும் பெருகிய வேகத்துக்குக் கையெழுத்துப் பேரேடுகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1983இல் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே எந்திரமயமாக்கல் பற்றி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதே காலத்தில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய துணை ஆளுநர் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, 1984இல் தன் அறிக்கையை அளித்தது. கிளை, வட்டார அலுவலகம், தலைமையகம் என்று படிப்படியாக எந்திரங்களைப் புகுத்த அது வழிகாட்டியது. அவர் தலைமையிலேயே அமைந்த இரண்டாவது குழு 1989இல் கணிப்பொறி மயமாக்கலுக்கான திட்டத்தை வகுத்தது. முதலில் வந்தவை பேரேட்டுப் பதிவு எந்திரங்கள். அவற்றை இயக்கிய எழுத்தர்களுக்குத் தனிப்படி வழங்கப்பட்டது. ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி அளிக்கப்பட்டதால் எதிர்ப்பு மெல்ல மெல்லத் தணிந்தது.

மறைந்துபோன வேலை எது?

அன்றைய கிளையில் பணம் எடுக்கும் முறையை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. காசோலையைக் கொடுத்தால் பித்தளை வில்லை ஒன்று கையில் தரப்படும். பேரேட்டு எழுத்தர் கனத்த ஏட்டைப் புரட்டி, இருப்பைப் பார்த்து, பற்று எழுதுவார். அதிகாரி கையொப்பத்தை மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிட்டு அனுமதிப்பார். பிறகே காசாளர் வில்லையின் எண்ணைக் கூவி அழைத்துப் பணம் தருவார். மாலையில் அன்றைய பற்றும் வரவும் நேர்செய்யப்படும். தனித்தனிக் கணக்குகளின் இருப்புகளைக் கூட்டினால் பொதுப் பேரேட்டுத் தொகையுடன் ஒத்துவர வேண்டும். பல கிளைகளில் இவ்வொப்புநோக்கும் பணி மாதக் கணக்கில் நிலுவையில் கிடந்தது. நிலுவை இருந்த இடத்தில் மோசடிக்கும் இடமிருந்தது.

எந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது இந்தக் கூட்டல் கழித்தலைத்தான். அதனால் வாடிக்கையாளர் அடைந்த பயனுக்கு ஒரு கணக்கையே சான்றாகக் காட்டலாம். முன்பு சேமிப்புக் கணக்குக்கு வட்டி கணக்கிட, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்பையே எடுத்துக்கொண்டனர். நாள்தோறும் வட்டி கணக்கிடுவது கையால் இயலாத காரியம். ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2010 ஏப்ரல் 1 முதல் அன்றன்றைய இருப்பின் மீது வட்டி கணக்கிடப்படுகிறது.

30 நாள் கொண்ட மாதத்தின் தொடக்கத்தில் ஒருவர் கணக்கில் 20,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அவர் 26ஆம் தேதி 15,000 ரூபாய் எடுக்கிறார். ஆண்டு வட்டி நூற்றுக்கு 3.5. பழைய முறையில் 5,000 ரூபாய்க்கு மட்டும் வட்டி. அது ஏறத்தாழ 15 ரூபாய். புதிய முறையில் 25 நாள்களுக்கு 20,000 ரூபாய் மீதும், 5 நாள்களுக்கு 5,000 ரூபாய் மீதும் வட்டி. அது ஏறத்தாழ 50 ரூபாய். தொகை சிறியது. ஆனால், மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களுமான கோடிக்கணக்கானோரை எண்ணிப் பார்த்தால், எந்திரத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதி மக்களைச் சென்றடைந்திருப்பது விளங்கும். ஆணை பிறந்ததால்தான் அது சென்றடைந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எந்திரம் கணக்கிடும் ஆற்றலைப் பெற்று ஆண்டுகள் பல ஆன பின்னரே அவ்வாணை வந்தது.

இதே காலத்தில் ரயில்வேயிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 1985 நவம்பரில் புது தில்லியில் கணிப்பொறி மூலம் முன்பதிவு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு தனிச் சாளரம், கையால் எழுதிய ஏடு என்றிருந்த நிலை மாறி, எந்தச் சாளரத்திலும் எந்த ரயிலுக்கும் இடம் பெறும் வசதி உண்டாயிற்று. 2002 முதல் வீட்டிலிருந்தே இணையவழி பயணச்சீட்டுப் பெற முடிந்தது.

சுமையை ஏற்றவர் யார்?

வங்கிகளில் எந்திரத்தைக் காரணம் காட்டிப் பெருமளவு ஊழியர்கள் வெளியேற்றப்படவில்லை. இது நம் அமைப்புக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால், கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. வணிகம் பன்மடங்கு பெருகியபோதும் எழுத்தர் பணிக்கு ஆளெடுப்பு அதற்கேற்ப உயரவில்லை. 2000-01இல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் பணியிலிருந்து விலகினர். ஊழியர்களிடையே எழுத்தர்களின் விகிதம் குறைந்து, அதிகாரிகளின் விகிதம் உயர்ந்தது.

எனவே சுமையை ஏற்றவர்கள் பணியிலிருந்த எழுத்தர்கள் அல்லர். எழுத்தர் ஆகியிருக்கக்கூடிய இளைஞர்களே அதனை ஏற்றனர். இழந்த வேலைக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் உண்டு; அதற்காகப் போராட ஒரு சங்கமும் உண்டு. தோன்றாமற்போன வேலைக்கு இவை எதுவும் இல்லை. அதனாலேயே அது எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் இடம்பெறுவதில்லை. எந்திரமயமாக்கலின் விளைவை மதிப்பிடும்போது ஆட்குறைப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு குறைபாடுடையது என்பதற்கு வங்கித் துறையே சான்று.

மறுபக்கத்தையும் காண்போம். கணிப்பொறி இந்நாட்டில் ஒரு புதிய தொழிலையே உருவாக்கியது. தகவல் தொழில்நுட்பத் துறையில் இன்று ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். ஆனால், பெங்களூரிலும் ஹைதராபாதிலும் பொறியியல் பட்டதாரிக்குக் கிடைத்த வேலை, ஒரு சிற்றூரின் பள்ளியிறுதி தேறிய இளைஞன் இழந்த எழுத்தர் வேலைக்கு நேர் ஈடாகாது. மேலே கூறிய இடம், திறமை ஆகிய இடைவெளிகள் இங்கே கண்கூடாகத் தெரிகின்றன. கிராமப்புறங்களில் வங்கிச் சேவையைக் கொண்டுசெல்ல, 2006இல் ரிசர்வ் வங்கி வங்கித் தொடர்பாளர்களை நியமிக்க அனுமதித்தது. கையடக்கக் கருவியுடன் ஊர்தோறும் சேவை புரியும் இவர்கள் உண்மையில் எந்திரம் படைத்த புதிய வேலையாளர்கள். ஆயினும் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கழிவுத் தொகையே. பழைய எழுத்தர் பெற்ற மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ அன்று. வேலை மறையவில்லை, அதன் தன்மை மாறியது. வேலைகளின் எண்ணிக்கையோடு அவற்றின் தரத்தையும் அளந்தால்தான் முழு உண்மை புலப்படும்.

அன்றாட வாழ்வில் மாற்றம்

2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் கீழ்த் திறக்கப்பட்ட கணக்குகள் 2023இல் 50 கோடியைக் கடந்தன. கையால் எழுதும் பேரேடுகளைக் கொண்டு இதனைச் சாதித்திருக்க முடியாது. 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் 2024-25ஆம் நிதியாண்டில் 18,500 கோடிக்கும் மேற்பட்ட பணப் பரிமாற்றங்கள் நடைபெற்றன. காய்கறி விற்பவரும் தேநீர்க் கடைக்காரரும் சில்லறைத் தட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டனர்.

எனினும் தானியங்கி முறை சேமிப்பதாகக் கூறப்படும் உழைப்பில் ஒரு பகுதி வாடிக்கையாளர் தலையில் இறங்குகிறது என்பதை மறத்தல் ஆகாது. முன்பு எழுத்தர் நிரப்பிய படிவத்தை இப்போது அவரே நிரப்புகிறார். கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பதும், தவறு நேர்ந்தால் முறையிடுவதும் அவர் பொறுப்பு. இளைஞர்க்கு இது வசதி. கண்பார்வை குன்றிய முதியவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் இது புதியதொரு தடை. ஆண்டுக்கணக்கில் மண்ணும் சுண்ணாம்பும் கையாண்ட உழைப்பாளியின் விரல் ரேகை தேய்ந்துபோனால், ரேகையை எதிர்பார்க்கும் கருவி அவரை அடையாளம் காண்பதில்லை. அத்தகைய வேளையில், சாளரத்தின் பின்னால் ஒரு மனிதர் இருப்பதும் அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பதும் இன்றியமையாதவை.

எந்திரம் வரத் தவறிய இடம்

இதுவரை எந்திரம் வந்த இடத்தைப் பார்த்தோம். அது வரவேண்டியும் நீண்ட காலம் வராத இடம் ஒன்று உண்டு. கழிவுநீர்ச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கும் கொடுமையே அது. 1993இலும் 2013இலும் இதற்கெதிராகச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் உயிரிழந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் இவ்விழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2018இல் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் வடிவமைத்த 'பேண்டிகூட்' என்னும் எந்திரம் திருவனந்தபுரத்தில் பயனுக்கு வந்தது. மேலே நின்று இயக்கினால் குழிக்குள் இறங்கி அடைப்பை அகற்றும் எந்திரம் அது. முன்பு குழியில் இறங்கிய தொழிலாளர்களுக்கே அதனை இயக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது.

கூட்டலும் கழித்தலும் செய்ய 1980களிலேயே எந்திரத்தைத் தேடிய நாம், உயிரைப் பறிக்கும் குழிக்குள் இறங்க எந்திரத்தைத் தேட ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டோம்? பொருளியல் இதற்கு ஒரு விடை தருகிறது. எழுத்தரின் சம்பளம் உயர்ந்தது; எனவே அவருக்கு மாற்றாக எந்திரம் கட்டுப்படியாயிற்று. துப்புரவுத் தொழிலாளியின் கூலி குறைவு. அவர் உயிரின் விலை எவர் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. எனவே எந்திரம் 'கட்டுப்படியாகவில்லை'. சந்தை விலையை மட்டும் நம்பினால், எந்திரம் தேவையான இடத்துக்குச் செல்வதில்லை. உழைப்பு விலையுயர்ந்த இடத்துக்கே செல்லும். இதனைத் திருத்துவது அரசின் கடமை. 2023-24இல் தொடங்கப்பட்ட 'நமஸ்தே' திட்டம் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட ஓர் அடி.

நாம் பெறும் பாடங்கள்

இன்று செயற்கை நுண்ணறிவு புதிய அலையாக எழுந்துள்ளது. எழுத்தர் பணிகளே இதன் தாக்கத்துக்கு மிகுதியாக ஆளாகக்கூடியவை என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையையே நம்பியுள்ளனர் என்று 2023-24ஆம் ஆண்டின் உழைப்புப் படைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. வயலை விட்டு வெளியேறும் குடும்பத்தின் முதல் படித்த பிள்ளை நாடுவது ஓர் எழுத்தர் வேலையையே. அந்தப் படிக்கட்டு அகற்றப்படுமாயின், அதற்கு ஈடாக வேறொரு படிக்கட்டு அமைத்தாக வேண்டும். ஆகவே வங்கித் துறையின் அனுபவம் இன்று முன்னைக்காட்டிலும் பொருத்தமுடையதாகிறது.

அரசு அலுவலகங்களில் எந்திரம் வாங்குவதற்கான கோப்பில் விலை, பராமரிப்புச் செலவு, சேமிக்கப்படும் தொகை ஆகியவை விவரமாகக் குறிக்கப்படுகின்றன. அதே கோப்பில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும். அப்பக்கம் நான்கு வினாக்களுக்கு விடை தருவதாக இருத்தல் நலம்.

முதலாவது, இவ்வெந்திரம் எடுத்துக்கொள்ளும் வேலை எத்தகையது? உயிருக்கும் மானத்துக்கும் ஊறு செய்யும் வேலையாயின், கட்டுப்படியாகுமா என்ற வாதத்துக்கே இடமில்லை. இரண்டாவது, இதனால் எத்தனை பேர் வேலை இழப்பர் என்பதோடு, வரும் பத்தாண்டுகளில் எத்தனை பணியிடங்கள் தோன்றாமற்போகும்? இந்த எண்ணிக்கையை அறிந்தால்தான் பயிற்சித் திட்டங்களை உரிய மாவட்டத்தில் உரிய காலத்தில் தொடங்க முடியும். மூன்றாவது, ஊழியர்களுடன் கலந்தாலோசனை ஆணைக்கு முன்பு நடந்ததா, பின்பு நடந்ததா? கல்கத்தாவின் மோதலுக்கும் 1983இன் உடன்பாட்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில் அடங்கியுள்ளது. நான்காவது, எந்திரத்தைக் கையாள இயலாதவர்க்கு மாற்று வழி என்ன? இதற்கு விடையில்லாத திட்டம், மக்களில் ஒரு பகுதியினரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும்.

1957இல் முத்தரப்பு மாநாடு வகுத்த நெறிகள் பழமையானவை. ஆயினும் காலாவதியானவை அல்ல. அவை பணியிலிருப்போரைக் காத்தன. பணிக்காகக் காத்திருப்போரையும் அவற்றின் வரம்புக்குள் கொண்டுவருவதே நம் தலைமுறையின் பொறுப்பு. நாளை நிர்வாகப் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களும் இன்று அப்பொறுப்பில் உள்ள அலுவலர்களும் இதனைக் கருத்திற்கொண்டு செயல்படுவார்களாயின், எந்திரம் கொண்டுவரும் ஆதாயம் ஒரு சிலரிடம் தங்கிவிடாமல், வேலை தேடி நிற்கும் இளைஞரின் இல்லத்தையும் சென்றடையும்.